எட்டு நிமிடமும் இரண்டு நிமிடமும்

பத்திரிகைக் காரியாலயங்களில் 'பெட்டிச் செய்தி' என்று ஒரு வகை உண்டு. பக்கம் கட்டி முடிந்து அச்சுக்குப் போகும் வேளையில் மூன்று அங்குல இடம் வெறுமையாக மிஞ்சிவிட்டால், வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்கள் அனுப்பிய குவியலுக்குள் கைவிட்டு ஏதாவதொரு விநோதத்தை எடுத்து, நான்கு பக்கமும் கோடிட்டு வைத்துவிடுவோம். இரண்டு தலை ஆட்டுக்குட்டி, நூறு வயதில் திருமணம் செய்தவர், ஆள் உயரப் பூசணிக்காய் எல்லாம் இந்த வழியாகவே அச்சேறின. வாசகர் முதலில் படிப்பதும் அதைத்தான். ஆசிரியத் தலையங்கம் எழுதியவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

2016 நவம்பரில் ஓரிரவு அப்படி மிஞ்சிய இடத்தில் நான் எழுதிய பெட்டிச் செய்தி ஒன்று இன்று வரை என் மனதை உறுத்துகிறது. தலைப்பு: 'ஏறியதும் இறங்கலாம்!' சுவிற்சர்லாந்தின் அல்டன்றைன் விமான நிலையத்துக்கும் ஜேர்மனியின் பிரீட்ரிக்ஸ்ஹாபன் விமான நிலையத்துக்கும் இடையில் புதிய ஜெட் விமான சேவை ஆரம்பமாகியுள்ளது. தூரம் ஏறத்தாழ 21 கிலோமீற்றர். பறப்பு நேரம் 8 நிமிடம். நாடு விட்டு நாடு செல்லும் ஜெட் சேவைகளில் உலகிலேயே மிகக் குறுகியது இதுவே என்று எழுதினேன். இன்னும் இரண்டு வரி தேவைப்பட்டது. ஆகவே, இதையும் விஞ்சியது ஸ்கொட்லாந்தின் ஓர்க்னித் தீவுகளில் உள்ளது, வெஸ்ட்ரே தீவில் இருந்து பாப்பா வெஸ்ட்ரே தீவுக்கு 2.7 கிலோமீற்றர், இரண்டே நிமிடம் என்று சேர்த்து, ஐரோப்பியரின் சோம்பலுக்கு அளவில்லைப் போலும் என்ற தொனியில் முடித்துவிட்டேன்.

இதில் எண் ஒன்றும் பிழையில்லை. பிழை, இரண்டையும் ஒரே பெட்டிக்குள் அடைத்ததில் இருந்தது. நான் மட்டும் செய்த பிழையும் அன்று. உலகத்துப் பத்திரிகைகள் அன்று செய்ததும், 'அபத்தமான குறும்பறப்புகள்' என்று பட்டியல் போடுவோர் இன்றும் செய்வதும் இதைத்தான். தூரம், நேரம் என்ற இரண்டு எண்களை வைத்துக்கொண்டு ஒரு விமான சேவையின் நியாய அநியாயத்தைத் தீர்த்துவிடலாம் என்று நம்புகிறார்கள். சூழல் காக்க வேண்டும் என்று பேசுகிற நல்லவர்களும் அந்தப் பட்டியலைக் கையில் எடுக்கிறார்கள் என்பதே எனது ஆத்திரத்துக்குக் காரணம்.

முதலில் அந்த இரண்டு நிமிடத்தைப் பார்ப்போம்.

ஓர்க்னி என்பது ஸ்கொட்லாந்தின் வடக்கே கிடக்கும் தீவுக்கூட்டம். அதன் தலைநகர் கேர்க்வோல். அங்கிருந்து வடக்கே உள்ள சிறு தீவுகளுக்கு லோகன்எயார் நிறுவனத்தின் 'பிரிட்டன்-நோர்மன் ஐலண்டர்' விமானங்கள் பறக்கின்றன. ஐலண்டர் என்பது இரட்டை விசிறி கொண்ட, எட்டுப் பேரளவில் ஏற்றக்கூடிய சின்னஞ்சிறு விமானம். பயணி ஒருவர் விமானியின் பக்கத்து ஆசனத்திலேயே அமர்ந்து செல்வார். இறங்கும் இடங்களை விமான நிலையம் என்று சொல்வதே மரியாதைக்குத்தான். புல்லும் சரளையுமான ஓடுபாதை, ஒரு சிறு கட்டிடம், தீயணைப்பு வண்டி ஒன்று. 2011 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி வெஸ்ட்ரேயில் அறுநூறு பேரளவிலும் பாப்பா வெஸ்ட்ரேயில் 90 பேருமே வாழ்ந்தனர். அந்தத் தொண்ணூறு பேரின் தீவில் 'நாப் ஒவ் ஹவர்' என்ற கல்வீடு நிற்கிறது. ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முந்தியது. வட ஐரோப்பாவில் இன்றும் நிற்கின்ற மிகப் பழைய வீடுகளில் ஒன்றென்பர். மனிதர் அங்கே நேற்று வந்து குடியேறவில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

1967 முதல் நடைபெறும் சேவை இது. அட்டவணையில் இரண்டு நிமிடம் என்றிருக்கும். காற்று வாய்த்தால் ஒன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஸ்டுவர்ட் லிங்க்லேற்றர் என்ற விமானி 53 செக்கனில் கடந்ததே சாதனையாகக் குறிக்கப்படுகிறது. இந்தத் தூரம் எடின்பரோ விமான நிலையத்துப் பிரதான ஓடுபாதையின் நீளத்துக்குக் கிட்டத்தட்டச் சமம் என்று உவமை சொல்வார்கள். பயணிகளுக்குச் சான்றிதழ் கூடக் கொடுத்திருக்கிறார்கள். அதை வாங்குவதற்கென்றே வருகின்ற உல்லாசப் பயணிகளும் உளர்.

இந்த வேடிக்கைதான் கண்ணை மறைக்கிறது. அந்த விமானத்தில் வழக்கமாக ஏறி இறங்குபவர்கள் யார்? ஒரு தீவில் பாடம் முடித்து மறு தீவுக்குப் போகும் ஆசிரியர்; மருத்துவர்; கேர்க்வோல் ஆஸ்பத்திரிக்குப் போகும் நோயாளர்; உயர் வகுப்பு மாணவர். வாரத்துக்கொரு நாள் காசுப் பெட்டியோடு வந்திறங்கிய வங்கி ஊழியரும் ஒரு காலத்தில் இருந்தார். இலாபத்துக்கு ஓடும் சேவையும் இதுவன்று. பொதுச்சேவைக் கடப்பாடு என்ற ஒழுங்கின் கீழ் ஓர்க்னித் தீவுகள் சபை பொதுப்பணம் கொடுத்து நடத்துவிக்கிறது. கிராமத்துக்கு இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ் விடுவது போலத்தான். பஸ்ஸுக்கு யாரும் பெட்டிச் செய்தி எழுதுவதில்லை.

"பாப்பா வெஸ்ட்ரேக்குப் படகு இல்லையா?" என்று கேட்கலாம். உண்டு. வெஸ்ட்ரேயில் இருந்து சிறு பயணிகள் படகு ஓடுகிறது. அரை மணி நேரம் போதும். இதை மறைத்துவிட்டு வாதாடுவது நேர்மையாகாது. ஆனால் விமானம் அந்த 2.7 கிலோமீற்றருக்காகப் புறப்படவில்லை. கேர்க்வோலில் கிளம்பி ஒரு தீவில் இறங்கி, மறு தீவில் இறங்கி, மீண்டும் கேர்க்வோலுக்குத் திரும்புகிறது. அந்தச் சுற்றில் ஒரு வளைவுதான் உலகப் புகழ் பெற்ற இரண்டு நிமிடம். கேர்க்வோலில் இருந்து வெஸ்ட்ரேக்குப் பெரிய படகில் போனால் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். அதன் பின் சிறு படகு. குளிர்காலத்து வட அத்திலாந்திக் கடல் எப்படியிருக்கும் என்பதை, நெடுந்தீவுக்குக் கச்சான் காற்றுக் காலத்தில் போய் வந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

இனி எட்டு நிமிடத்துக்கு வருவோம்.

அந்தச் சேவையை 2016 நவம்பர் 2 ஆம் திகதி தொடங்கியது பீப்பிள்ஸ் வியன்னாலைன் என்ற சிறு நிறுவனம். அல்டன்றைனில் இருந்து வியன்னாவுக்குப் பறந்து அறியப்பட்டது. பயன்படுத்திய விமானமோ 76 ஆசனங்கள் கொண்ட எம்பிரேயர் 170 ஜெட். கொன்ஸ்தான்ஸ் ஏரியின் தென்கரையில் ஏறி வடகரையில் இறங்க ஒரு வழிக்கு 40 யூரோ அளவில் பயணச்சீட்டு. உண்மையில் அந்த விமானம் பிரீட்ரிக்ஸ்ஹாபனோடு நின்றுவிடவில்லை. அங்கே ஆட்களை ஏற்றிக்கொண்டு கொலோன்-பொன் விமான நிலையத்துக்குப் போயிற்று. அல்டன்றைனில் மட்டும் ஏற்றினால் ஆசனங்கள் நிரம்பா. ஆகவே ஏரியைத் தாண்டி மறுகரையிலும் ஆள் பிடிப்பதென்று ஒரு வியாபாரக் கணக்கு.

அதுவும் ஒரு வளைவுதானே, ஓர்க்னிக்குச் சொன்ன சமாதானம் இதற்கும் பொருந்துமே என்று எவரும் மடக்கலாம். நானே என்னை அப்படி மடக்கிப் பார்த்தேன். வளைவு என்ற ஒற்றுமை இருக்கிறது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. எட்டுப் பேருக்கு எட்டு ஆசன விமானம் ஒன்று. மறுகரை ஆட்களை நம்பிப் பாதி வெறுமையாகவும் கிளம்பக்கூடிய 76 ஆசன ஜெட் இன்னொன்று. ஒரு விமானம் தனது எரிபொருளை மிகக் கூடிய வேகத்தில் எரிப்பது கிளம்பி மேலெழும் வேளையில்தான். உயரத்தை அடைந்து சீராகப் பறக்கும்போதே ஜெட் இயந்திரத்தின் சிக்கனம் வெளிப்படும். 21 கிலோமீற்றரில் சீராகப் பறக்கும் கட்டம் என்று ஒன்று வருவதற்கே இடமில்லை. மூக்கை நிமிர்த்தியதும் தாழ்த்த வேண்டியதுதான்.

நிறுவனத்தின் வாதம், ஏரியைச் சுற்றிக் காரில் போனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் செல்லும், நாங்கள் எட்டு நிமிடத்தில் கொண்டு சேர்க்கிறோம் என்பதாக இருந்தது. நமது பத்திரிகைகளும் அந்த ஒப்பீட்டை அப்படியே வாங்கிப் போட்டன. பறப்பு நேரம் என்ற சொல்லில் உள்ள சூது இங்கேதான். விமான அட்டவணையில் காண்பது, விமானம் தரிப்பிடத்தை விட்டு அசைந்ததில் இருந்து மறு தரிப்பிடத்தில் நிற்கும் வரையுள்ள நேரம். விளம்பரத்தில் காண்பது பெரும்பாலும் சக்கரம் நிலத்தை விட்டது முதல் நிலத்தைத் தொட்டது வரையுள்ள நேரம். பயணி செலவிடுவது வீட்டுப் படலையைச் சாத்தியதில் இருந்து மறுவீட்டு மணியை அழுத்தும் வரையுள்ள நேரம். நிலையத்துக்குப் போகும் நேரம், பாதுகாப்புச் சோதனைக்கு இடுப்புப் பட்டியைக் கழற்றி மாட்டும் நேரம், வாசல் திறக்கக் காத்திருக்கும் நேரம், இறங்கி ஊருக்குள் போகும் நேரம் ஆகியவற்றை ஒரு தட்டில் இருந்து ஒளித்துவிட்டு, கார்க்காரரின் முழு ஒரு மணித்தியாலத்தையும் மறு தட்டில் போட்டால் தராசு எந்தப் பக்கம் சாயும்?

தூரமும் அப்படித்தான். இரண்டு நிலையங்களுக்கு இடையிலான தூரம் என்று தரப்படுவது உலக உருண்டையின் மேல் இழுத்த நேர்கோடு. விமானம் அப்படிப் பறப்பதில்லை. காற்றை எதிர்கொண்டு ஏறி, வளைந்து திரும்பி, மறு ஓடுபாதையின் திசைக்குத் தன்னை நேராக்கிக்கொண்டு இறங்கும். ஆயிரம் கிலோமீற்றர்ப் பயணத்தில் இவ்வளைவுகள் கணக்கில் தெரியாது. இருபது கிலோமீற்றரில் அவைதாம் பயணம். (தூரத்தில் வேறு திருகுதாளங்களும் உண்டு. 'பிராங்பேர்ட்-ஹான்' என்ற பெயரை நம்பி மலிவுச் சீட்டு வாங்கிய நம்மவர் பலர், பிராங்பேர்ட் நகரம் அங்கிருந்து 120 கிலோமீற்றர் அளவில் தள்ளியிருப்பதை இறங்கிய பின்பே அறிந்தனர். அது வேறொரு நாளைக்கு.)

2018 கோடையில் சென்ற் காலன் மாநிலத்தில் குடியிருக்கும் என் சகோதரியின் மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். ஏரியைக் கண்டதும் பழைய பெட்டிச் செய்தி ஞாபகத்துக்கு வந்தது. அந்த விமானம் எந்தப் பக்கத்தால் போனது என்று மருமகனைக் கேட்டேன்.

"மாமா, உதில ஏறின ஒருத்தரையும் எனக்குத் தெரியாது. எங்களுக்குக் கப்பல் இருக்கெல்லே" என்றார்.

மறுநாள் அந்தக் கப்பலிலேயே அழைத்துப் போனார். றோமன்ஸ்ஹோர்ன் துறையில் மணிக்கொரு தடவை புறப்படுகிறது. காரோடும் ஏறலாம், சைக்கிளோடும் ஏறலாம். நாற்பது நிமிடத்தில் பிரீட்ரிக்ஸ்ஹாபன் நகரத்தின் நடுவிலேயே கொண்டு போய் இறக்குகிறது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த பழைய ரயில் நிலையக் கட்டிடத்தில்தான் செப்பலின் அருங்காட்சியகம் இருக்கிறது. 1900 யூலை 2 ஆம் திகதி செப்பலின் பிரபுவின் முதலாவது வான்கப்பல் இந்த ஏரியின் மேல்தான் எழுந்தது. எதிர்க்கரையான அல்டன்றைனுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. முதலாம் உலகப் போரின் பின் வேர்செயில்ஸ் உடன்படிக்கை ஜேர்மனியில் விமானம் கட்டுவதற்குத் தடைகள் விதித்தபோது, டோர்னியர் நிறுவனம் ஏரியைத் தாண்டி அல்டன்றைனில் தொழிற்சாலை அமைத்தது. பன்னிரண்டு இயந்திரங்கள் பூட்டிய 'டோ எக்ஸ்' என்ற இராட்சதப் பறக்கும் படகு அங்குதான் கட்டப்பட்டது. 1929 ஒக்ரோபரில் 169 பேரை ஏற்றிக்கொண்டு இந்த ஏரியின் மேல் பறந்தது. அக்காலத்தில் ஏரியைக் கடந்தது ஒரு சட்டத்தில் இருந்து தப்புவதற்காக. 2016 இல் கடந்தது ஆசனம் நிரப்புவதற்காக.

இன்னொரு விடயத்தையும் மருமகன்தான் சொன்னார், பின்னர் சரிபார்த்தேன். ஏரியின் பெரும்பகுதியில் சுவிற்சர்லாந்து, ஜேர்மனி, ஒஸ்திரியா ஆகிய மூன்று நாடுகளும் உடன்பட்ட எல்லைக்கோடு ஒன்று இன்றுவரை கிடையாது. 'உலகின் மிகக் குறுகிய சர்வதேச ஜெட் சேவை' எந்த எல்லையைத் தாண்டுகிறது என்று எவராலும் விரல் வைத்துக் காட்ட முடியாத நீரின் மேல் பறந்திருக்கிறது. இந்தச் செய்தியையல்லவா நான் பெட்டியில் போட்டிருக்க வேண்டும்.

அந்தச் சேவை 2017 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. ஆறு மாதம் கூட ஓடவில்லை. போதிய ஆட்கள் வரவில்லை. நிறுத்தப்பட்ட மறுநாள் ஏரியின் இரு கரைகளிலும் என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை. கப்பல் வழக்கம் போல் மணிக்கொரு தடவை புறப்பட்டது. ஒரு நோயாளி மருத்துவரைத் தவறவிடவில்லை; ஒரு பிள்ளை பள்ளிக்கூடத்தைத் தவறவிடவில்லை. ஒரு பாதையின் பெறுமதியை அறிவதற்கு நான் கண்ட அளவுகோல் இதுதான்: அது நின்றுபோன மறுநாள் எவர் எங்கே அகப்பட்டுக்கொள்கிறார் என்று பாருங்கள். கிலோமீற்றரைப் பார்க்காதீர்கள்.

இதை நான் புத்தகத்தில் படித்து அறியவில்லை. 2006 ஆகஸ்டில் முகமாலையில் ஏ-9 வீதி மூடப்பட்டது. அதன் பின் யாழ்ப்பாணத்துக்குப் போவதென்றால் திருகோணமலையில் இருந்து கப்பல். அல்லது பலாலிக்கு விமானம். இரண்டுக்கும் பெயர் பதிந்துவிட்டு, அனுமதிக்கும் இடத்துக்குமாக நாட்கணக்கில், வாரக்கணக்கில் காத்திருந்தோம். பறப்பு நேரம் ஒரு மணித்தியாலம்தான். என் தகப்பனார் அந்த ஆண்டு இறுதியில் காலமானார். எனக்கு இடம் கிடைத்து வீட்டுப் படலையில் கால் வைத்தபோது அந்தியேட்டியும் முடிந்திருந்தது. எனவே, ஒன்பது பத்துப் பேருக்காக ஒரு சிறு விமானத்தைக் கடலின் மேல் ஓட்டுவது ஆடம்பரம் என்று எவராவது சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

குறும்பறப்புகளைத் தடை செய்யும் சட்டங்கள் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பிரான்ஸ் 2021 இல் இயற்றிய காலநிலைச் சட்டத்தில், இரண்டரை மணி நேரத்துக்குள் ரயிலில் போகக்கூடிய ஊர்களுக்கு இடையே உள்நாட்டு விமானம் கூடாது என்று விதித்தது. 2023 மே மாதம் அது நடைமுறைக்கு வந்தது. சட்டம் கேட்ட கேள்வி சரியானது. எத்தனை கிலோமீற்றர் என்று கேட்காமல், வேறு வழி இருக்கிறதா என்று கேட்டது. அந்தக் கேள்வியை பாப்பா வெஸ்ட்ரேயிடம் கேட்டால் ரயில் என்ற சொல்லே அங்கு எழாது. ஆனால் கேள்வியைச் சரியாகக் கேட்டுவிட்டு விடையில் ஓட்டை போட்டார்கள். நூற்றைம்பது குடிமக்களைக் கூட்டி அரசே அமைத்த காலநிலை மாநாடு நான்கு மணி நேரம் என்று சிபாரிசு செய்திருந்தது. அதை இரண்டரையாகக் குறைத்தார்கள். வேறு விமானத்துக்கு மாறிச் செல்லும் பயணிகளுக்கு விலக்கு அளித்தார்கள். தனியார் ஜெட்டுகளைத் தொடவே இல்லை. முடிவில் அகப்பட்டவை பாரிஸின் ஓர்லி நிலையத்தில் இருந்து நாந்த், லியோன், போர்தோ ஆகிய மூன்று ஊர்களுக்கான சேவைகள் மட்டுமே. ஒஸ்திரியா இவ்விடயத்தில் கொஞ்சம் முந்திக்கொண்டது: 2020 இல் ஒஸ்திரியன் எயார்லைன்ஸுக்கு அரசு உதவி கொடுத்த வேளையில் வியன்னா-சால்ஸ்பேர்க் விமான சேவை நின்று, அப்பயணிகள் ரயிலுக்கு மாற்றப்பட்டனர்.

இப்போது அந்த எட்டு நிமிட ஜெட்டைப் பிரெஞ்சுச் சட்டத்தின் முன் நிறுத்திப் பாருங்கள். அது நாடு விட்டு நாடு சென்றது. எனவே உள்நாட்டுப் பறப்பு அன்று. அதில் இருந்தோர் கொலோனுக்குத் தொடர்ந்து செல்வோர். எனவே ஏரிக்கு மேலான அந்த எட்டு நிமிடம் தனிப் பயணமாகவே கணக்கில் வராது. ஐரோப்பாவில் நிறுத்துவதற்கு மிகத் தகுதியாக இருந்த ஒரு சேவை, இரண்டு ஓட்டைகளாலும் சுகமாகத் தப்பியிருக்கும். அதை நிறுத்தியது வெறும் ஆசனங்கள்தான்.

சட்டத்தின் ஓட்டைகளை அடைக்கச் சொல்வதற்குப் பதிலாக, நமது சூழல் ஆர்வலர்கள் பட்டியலின் உச்சியில் இருக்கும் இரண்டு நிமிடத்தைச் சுட்டிச் சிரிக்கிறார்கள். அது சுலபம். எட்டுப் பேர் விமானத்துக்கு வழக்கறிஞர்கள் இல்லை. ஓர்க்னிக்காரர்களோ இதைவிடப் பொறுப்பாக நடந்துகொள்கிறார்கள்: 2021 ஆகஸ்டில் கேர்க்வோலுக்கும் எதிரே பெருநிலத்தில் உள்ள விக் நகருக்கும் இடையே, மின்சாரமும் பெற்றோலும் சேர்ந்தியங்கும் சோதனை விமானம் ஒன்று அங்கு பறக்கவிடப்பட்டது. சேவையை நிறுத்தாமல் புகையைக் குறைப்பது எப்படி என்று அங்கே பார்க்கிறார்கள்.

அன்று செய்தி மேசையில் என்னோடு இருந்தவர்களில் பலர் இன்று நாட்டில் இல்லை. அந்தப் பத்திரிகைப் பிரதியும் என்னிடம் இல்லை. எட்டு ஆண்டுகளுக்கு மேல் பிந்திய ஒரு திருத்தத்தை எந்தப் பத்திரிகையும் போடாது என்பதால் இங்கேயே போட்டுவிடுகிறேன். 2016 நவம்பரில் வெளியான 'ஏறியதும் இறங்கலாம்!' என்ற பெட்டிச் செய்தியின் கடைசி இரண்டு வரிகள், அதாவது பாப்பா வெஸ்ட்ரே பற்றியவை, நீக்கி வாசிக்கப்பட வேண்டும்.